இஞ்செக்டரின் மின்பழுதைக் கண்டறிவது எப்படி?

விளைந்த பொருளை வாடாமல் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதியே ஆகும். பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் வட்டாரங்களில் இரவில் பறித்த கீரையையும் காயையும் சிறு வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிக் கடைகளில் இறக்கிவிட எண்ணும் உழவருக்கு, வண்டி வழியில் நிற்பது பயிரில் பூச்சி விழுவதைப் போன்றது. கீரை நண்பகல் வரை காத்திராது. அந்த அவசரத்தில் பட்டறைக்குச் செல்பவரிடம் "இஞ்செக்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கூறப்பட்டால் அவர் மறுபேச்சின்றிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மாற்றிய பின்னும் அதே கோளாறு திரும்பும்போதுதான், பழுது இஞ்செக்டரில் இல்லை, அதற்குச் செல்லும் வயரில் இருந்தது என்பது தெரிய வருகிறது.

இலை மஞ்சளானவுடன் யூரியா இடும் பழக்கம் சரியன்று என்பதை உழவர் பெருமக்கள் அறிவர். முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். சத்து மண்ணில் இருந்தும் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவதாலும் பயிர் மஞ்சளாகலாம். காரணத்தை அறிந்த பிறகே மருந்து. இந்த விதி என்ஜினுக்கும் பொருந்தும். இஞ்செக்டர் வேலை செய்யவில்லை என்பது நோயின் அறிகுறி மட்டுமே. நோய் எங்குள்ளது என்பதைச் சில எளிய சோதனைகளால் கண்டறியலாம்.

இஞ்செக்டர் என்றால் என்ன?

முன்பு பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. காற்றின் உறிஞ்சலால் பெட்ரோல் தானே இழுக்கப்பட்டு என்ஜினுக்குள் சென்றது. அதில் மின்சாரத்திற்கு அதிக வேலை இல்லை. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கார்களில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு முறைப் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு பொருத்தப்பட்டது. அதன் பின் இம்முறை உலகெங்கும் பரவியது. நம் வட சென்னையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. திருவொற்றியூர் ஆலையில் தயாரான ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 மோட்டார் சைக்கிள் 2009ஆம் ஆண்டில் இஞ்செக்டருடன் வெளிவந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதியான பாரத் ஸ்டேஜ் 6, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் மறைந்து இஞ்செக்டர் இடம் பிடித்தது.

இஞ்செக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறு வால்வு. சொட்டுநீர்ப் பாசனத்தில் மின்வால்வு பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே ஒரு செப்புச் சுருள் உண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி ஊசியைத் தூக்குகிறது. பெரும்பாலான வண்டிகளில் சுமார் 3 கிலோ அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல், அப்போது பனி போல் பீய்ச்சப்படுகிறது. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஊசியை அழுத்தி மூடிவிடுகிறது. வண்டி நிற்கும் நிலையில் என்ஜின் நிமிடத்திற்கு 800 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், ஒவ்வோர் இஞ்செக்டரும் நிமிடத்திற்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஆறு அல்லது ஏழு முறை திறந்து மூடுகிறது. ஒரு முறை திறந்திருக்கும் நேரம் சில மில்லி விநாடிகளே.

இஞ்செக்டருக்கு இரண்டு வயர்கள் வருகின்றன. சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ், ரிலே வழியாக ஒரு வயரில் பேட்டரியின் 12 வோல்ட் வந்து நிற்கும். இதனை வரத்து வயர் எனலாம். மற்றொரு வயர், இ.சி.எம். என்று மெக்கானிக்குகள் கூறும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. அப்பெட்டி இந்த வயரை எர்த்துடன் இணைக்கும் கணத்தில் வால்வு திறக்கும், விடுவித்ததும் மூடும். எனவே இஞ்செக்டர் வேலை செய்ய மூன்று தேவை: வரத்து, நல்ல சுருள், எர்த் துடிப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெட்ரோல் வராது. மூன்றில் எது குறைந்தது என்று காண்பதே நம் வேலை.

அறிகுறிகள்

ஒரு இஞ்செக்டர் நின்றுவிட்டால் என்ஜின் குலுங்கும், "மிஸ்ஸிங்" அடிக்கும், மேட்டில் இழுவை குறையும், முகப்பில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியும். இவ்விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக உள்ளது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள புகை சுத்திகரிப்பானைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். எனவே வண்டியை ஓரம் கட்டுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. இ.சி.எம்.முக்குச் செல்லும் வயர் தோல் உரிந்து என்ஜின் உடலில் தொட்டுவிட்டால், சாவி போட்ட நேரமெல்லாம் இஞ்செக்டர் திறந்தே நிற்கும். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். பெட்ரோல் கீழிறங்கி ஆயிலுடன் கலக்கும். ஆயில் அளவுக்கம்பியில் மட்டம் உயர்ந்தும், முகர்ந்தால் பெட்ரோல் வாடையும் இருந்தால் என்ஜினைச் சுழற்றிப் பார்க்கவே கூடாது.

வட சென்னைச் சாலைகளில் பழுது வருவதேன்?

எண்ணூர் முதல் இராயபுரம் வரை கடலோரம். உப்புக்காற்று கப்ளர்களின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பைப் படியச் செய்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் பனிக்கட்டி உருகிய உப்புநீரும் வயர்களில் வழிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியதும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதும் நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கோளாறு அன்றே தெரிவதில்லை. கப்ளருக்குள் புகுந்த நீர் மெல்ல அரித்து, வாரங்கள் கழித்தே வேலையைக் காட்டும்.

துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி ஊர்ந்து செல்லும்போது என்ஜின் அறை மிகவும் சூடாகிறது. சூட்டில் சுருளும் வயரும் விரிந்து, குளிர்ந்த நிலையில் தெரியாத முறிவு அப்போது வெளிப்படும்.

இவை சாலையில் வரும் காரணங்கள். வீட்டில் வரும் காரணம் எலி. வைக்கோற்போருக்கும் நெற்குதிருக்கும் அருகில் நிறுத்திய வண்டியில் எலி புகுந்து வயரைக் கடிப்பது சாதாரண நிகழ்ச்சி. என்ஜின் மேல் உமியோ, வைக்கோலோ, புழுக்கையோ கிடந்தால் முதலில் அங்கு தேடவும்.

முதல் கேள்வி: வயல் முழுதுமா, ஒரு செடியா?

வயல் முழுதும் ஒரே நாளில் வாடினால் நீரையும் மண்ணையும் பார்க்கிறோம். ஒரு செடி மட்டும் வாடினால் அதன் வேரைப் பார்க்கிறோம். என்ஜினிலும் முதலில் இதையே கேட்க வேண்டும். நான்கு இஞ்செக்டர்களும் ஒன்றாக நின்று என்ஜின் அறவே கிளம்பவில்லையானால் நான்கும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பொதுவான ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு, என்ஜின் சுற்றை அறியும் கிராங்க் சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நின்றிருந்தால் அதன் கப்ளர், அதன் சுருள், அதன் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்பதை அறிய ஸ்கேனர் உதவும். பி 0201 என்றால் முதல் இஞ்செக்டரின் மின்சுற்று. பி 0202 இரண்டாவது. பி 0203 மூன்றாவது. பி 0204 நான்காவது. இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்த எண் "மின்சுற்றில் பழுது" என்று மட்டுமே கூறுகிறது. "இஞ்செக்டரை மாற்று" என்று கூறவில்லை. பி 0301 முதல் பி 0304 வரையுள்ள எண்கள், அந்தச் சிலிண்டரில் எரிதல் சரியில்லை என்பதை மட்டும் குறிக்கும். அதற்கு ஸ்பார்க் பிளக்கோ, இக்னிஷன் காயிலோகூடக் காரணமாகலாம்.

பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும் வண்டியானால் எரிபொருளை மாற்றி ஓட்டிப் பார்க்கவும். இரண்டிலும் மிஸ்ஸிங் இருந்தால் பிளக், காயில் போன்றவற்றையும், ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த எரிபொருளின் இஞ்செக்டர் பக்கத்தையும் ஐயுறலாம்.

தேவையான கருவிகள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நீண்ட ஸ்குரூ டிரைவர், இஞ்செக்டர் கப்ளரில் செருகும் எல்.இ.டி. சோதனை விளக்கு ஆகியவை போதும். சாதாரண பல்பு கட்டிய டெஸ்ட் லாம்பை இ.சி.எம். வயரில் தொடக்கூடாது. அது அதிக மின்சாரத்தை இழுத்துப் பெட்டியைக் கெடுத்துவிடலாம்.

சோதனை முறை

1. கண்: சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸ்களையும் கப்ளர்களையும் பார்க்கவும். முனைகளில் பச்சைக் களிம்பு, வளைந்த ஊசி, உடைந்த பூட்டு, சைலன்சர் குழாயில் உரசும் வயர், எலிக்கடி ஆகியவற்றைத் தேடவும். பேட்டரி, என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும்.

2. காது: என்ஜின் ஓடும்போது ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்செக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கவும். நல்ல இஞ்செக்டர் "டிக், டிக்" என்று சீராக ஒலிக்கும். துண்டு, வேட்டி நுனி ஆகியவை ஃபேனிலும் பெல்ட்டிலும் சிக்காதவாறு எச்சரிக்கையாக இருக்கவும். ஒலி வந்தும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லையானால் இஞ்செக்டருக்கு மின்சாரம் வருகிறது. அடைப்பு, பிளக், காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒலியே இல்லையானால் அடுத்த சோதனைகளைச் செய்யவும்.

3. சுருள்: சாவியை எடுத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றி, இஞ்செக்டரின் இரு ஊசிகளுக்கிடையே ஓம் அளவைப் பார்க்கவும். இன்றைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது 11 முதல் 18 ஓமுக்குள் இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. கையேடு இல்லையானால் நான்கையும் அளந்து ஒப்பிடவும். மூன்று 12 ஓம் காட்ட, ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துள்ளது. ஓரிரு ஓம் மட்டும் காட்டினால் சுருள் உள்ளே ஒட்டிக்கொண்டுள்ளது. சூடானால் செப்பின் தடை கூடும். 30 டிகிரி வெப்பத்தில் 12 ஓம் காட்டும் சுருள் 80 டிகிரியில் 14 ஓமுக்குச் சற்று மேல் காட்டும். இது பழுதன்று. ஆகவே நான்கையும் ஒரே வெப்ப நிலையில் அளக்க வேண்டும்.

4. வரத்து: நான்கு கப்ளர்களிலும் ஒரே நிறத்தில் உள்ள வயரே பெரும்பாலும் வரத்து வயர், நிறம் மாறுபடும் வயர்கள் இ.சி.எம்.முக்குச் செல்பவை. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை வரத்து ஊசியிலும் வைத்து, உதவிக்கு ஒருவரைக் கொண்டு சாவியைப் போடச் செய்யவும். ஏறத்தாழப் பேட்டரியின் வோல்ட் அளவே இங்கும் வர வேண்டும். சில வண்டிகளில் சாவி போட்ட ஓரிரு விநாடிகளே வந்து நின்று, ஸ்டார்ட் செய்யும்போது மீண்டும் வரும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டினால் மட்டும் போதாது. சொட்டுநீர்க் குழாயில் வால்வை மூடி வைத்திருந்தால், வடிகட்டி அடைத்திருந்தாலும் அழுத்தமானி முழு அழுத்தம் காட்டும். வால்வைத் திறந்ததும் முள் விழுந்துவிடும். அதுபோல, வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். சுமை வந்தால் தாங்காது. ஆகவே எலக்ட்ரீஷியனைக் கொண்டு வரத்து வயருக்கும் எர்த்துக்கும் இடையே 5 வாட் பல்பை எரியச் செய்து பார்க்கவும். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை உள்ளது. இச்சோதனை வரத்து வயருக்கு மட்டுமே உரியது.

5. துடிப்பு: எல்.இ.டி. சோதனை விளக்கைக் கப்ளரில் செருகி ஸ்டார்ட் செய்யவும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இ.சி.எம்.மும் வயரும் நன்றாக உள்ளன. விளக்கு எரியவே இல்லையானால் இ.சி.எம். வயர் அறுந்திருக்கலாம். மின்னாமல் தொடர்ந்து எரிந்தால் அந்த வயர் எங்கோ எர்த்தில் தொடுகிறது.

6. வயர்: பேட்டரி நெகட்டிவையும் இ.சி.எம். கப்ளரையும் கழற்றி, வயரின் இரு முனைகளுக்கிடையே தடையை அளக்க வேண்டும். ஓர் ஓமுக்குக் குறைவாக இருப்பது நல்லது. அளக்கும்போதே வயர் கட்டை அசைத்துப் பார்த்தால் மறைந்த முறிவு வெளிப்படும். இதனை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நன்று. இதுவும் சரியாக இருந்தால் மட்டுமே இ.சி.எம்.மை ஐயுற வேண்டும். விலை மிக்க இப்பெட்டி பட்டியலில் கடைசியில் வர வேண்டுமேயன்றி முதலில் அன்று.

ஒரே எண், இரு தீர்வுகள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மீஞ்சூரிலிருந்து கிளம்பிய வண்டி நன்றாக ஓடி, எர்ணாவூர் அருகே லாரி வரிசையில் அரை மணி நின்றபின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது எனக் கொள்வோம். ஸ்கேனரில் பி 0203. குளிர்ந்தபின் அளந்தால் நான்கு சுருள்களும் 12 ஓம். இந்த இடத்தில் "இஞ்செக்டர் நன்றாக உள்ளது" என்று முடிவு கட்டக்கூடாது. பழுது எந்நிலையில் வருகிறதோ அந்நிலையில் அளக்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி மிஸ்ஸிங் வந்ததும் நிறுத்தி உடனே அளந்தால், மூன்று சுருள்கள் 14 ஓம், மூன்றாவது இஞ்செக்டர் மட்டும் முடிவிலி காட்டினால், சூட்டில் அச்சுருள் அறுபடுகிறது. அந்த ஒரு இஞ்செக்டரை மாற்றினால் போதும். நான்கையும் மாற்ற வேண்டியதில்லை.

அதே எண், அதே இடம். ஆனால் சூட்டிலும் நான்கும் 14 ஓம் காட்டுகின்றன. கப்ளரில் செருகிய விளக்கின் மின்னல் வயரை அசைத்தால் மறைகிறது என்றால், குற்றம் வயரில். சில அங்குல வயரும் ஒரு நல்ல இணைப்புமே தீர்வு. அளந்து பார்க்காதவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பழுது பார்க்கும்போது

வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது நம் உப்புக்காற்றில் நிலைக்காது. அதே தடிமனுள்ள வயரை ஈயப்பற்று வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். சோதனைக்காக வயரின் மேல்தோலை ஊசியால் குத்தக்கூடாது. கிளையை வெட்டிய காயத்தின் வழியே பூஞ்சணம் புகுவது போல் அத்துளை வழியே ஈரம் புகுந்து செம்பை அரிக்கும். கப்ளர் ஊசிகளை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். அதற்கென உள்ள ஸ்ப்ரே கொண்டே சுத்தம் செய்ய வேண்டும்.

ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் பெரிய ஃபியூஸ் போடுவதோ, செப்புக் கம்பி சுற்றுவதோ தீயை வரவழைப்பதாகும். இஞ்செக்டரைப் பேட்டரியில் நேரடியாக வைத்துச் சோதிப்பதும் சுருளைக் கருக்கிவிடலாம். பெட்ரோல் குழாயில் என்ஜினை நிறுத்திய பின்னும் அழுத்தம் இருக்கும். அதனைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடமே விடவும். பீடி, சிகரெட் அருகில் கூடாது.

டீசல் வண்டிக்கு எச்சரிக்கை

மேற்கூறிய சோதனைகள் பெட்ரோல் வண்டிக்கு உரியவை. காமன் ரெயில் டீசல் என்ஜினில் இவற்றைச் செய்யக்கூடாது. அங்கு குழாயில் அழுத்தம் 1,000 கிலோவுக்கு மேல் செல்லும்; கசிவில் கை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாயும். இஞ்செக்டர் வயரிலும் பேட்டரியைப் போல் பல மடங்கு வோல்ட் வரும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்துள்ளதால், அவற்றில் பலவற்றில் இத்தகைய என்ஜினே உள்ளது. பழைய டிராக்டரின் சாதாரண டீசல் நாசிலில் வயரே கிடையாது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

உழவர்கள் அனைவரும் மீட்டர் வாங்கித் தாமே சோதிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எதையும் மாற்ற ஒப்புக்கொள்ளுமுன் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கேட்டுப் பெறலாம். சுருள் எத்தனை ஓம், மற்ற மூன்றும் எத்தனை? வரத்து எத்தனை வோல்ட்? துடிப்பு வருகிறதா? இம்மூன்றையும் கூறும் பட்டறையை நம்பி வண்டியை விடலாம். மாற்றியபின் பழைய இஞ்செக்டரைக் கேட்டு வாங்கி, அதன் ஓம் அளவைத் தம் கண் முன் பார்த்துக்கொள்வதும் நல்லது. வேலை முடிந்ததும் ஸ்கேனரில் எண்ணை அழித்து, என்ஜின் நன்கு சூடாகும் வரை ஓட்டி, எண் திரும்பவில்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

மண்ணைச் சோதித்து உரமிடுவதால் செலவு குறைவதை உழவர்கள் கண்டுள்ளனர். அதே போல, அளந்து பார்த்தபின் உதிரிப் பாகத்தை மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாவதுடன், மறுநாள் விளைபொருளும் வாடாமல் சந்தையைச் சேரும்.